கயோட்டியைத் தமிழில் மேடையேற்றலாமா?

ஸ்கார்பரோவில் தமிழ் நாடகக் குழு ஒன்றை நடத்தும் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: “கனடாவின் பூர்வகுடிக் கலைஞர்கள் காணி உரிமையை நையாண்டியாகச் சொல்லும் நாடகங்களில் எங்கள் குழுவுக்கு ஆர்வம் வந்திருக்கிறது. கெவின் லோரிங் எழுதிய ‘லிட்டில் ரெட் வாரியர் அண்ட் ஹிஸ் லாயர்’ பற்றி வாசித்தோம். எங்களில் பலருடைய காணி யாழ்ப்பாணத்து வலிகாமம் வடக்கில் இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போனது. அதனால் அந்தக் கதை எங்களைத் தொட்டது. இப்படி ஒரு நாடகம் பார்க்கப் போகும் முன் என்ன தெரிந்திருக்க வேண்டும்? சிரிக்கலாமா? அதைத் தமிழாக்கி, கயோட்டி என்ற தந்திரக்காரப் பாத்திரத்தை எங்கள் கூத்துக் கோமாளியாக மாற்றி, ஆண்டு விழாவில் போடலாமா?”

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். முறையாக அனுமதி கிடைத்தால் தமிழாக்கலாம். தந்திரக்காரனைக் கோமாளியாக மாற்றுவதை மட்டும் கைவிடுங்கள். ஏன் என்று விளக்க, பிரிட்டிஷ் கொலம்பியாவின் காணி வழக்குகளுக்குள் கொஞ்சம் போக வேண்டும். அதைத் தெரிந்துகொண்டால் உங்கள் முதல் கேள்விக்கும் பதில் கிடைத்துவிடும்.

லோரிங் ந்லகாபமக் இனத்தவர், ஃப்ரேசர் ஆற்றங்கரையில் உள்ள லிட்டன் ஊர்க்காரர். ஒட்டாவாவில் உள்ள தேசியக் கலை மையத்தின் பூர்வகுடி அரங்கப் பிரிவுக்கு முதல் கலை இயக்குநராக இருந்தவரும் அவர்தான். நீங்கள் குறிப்பிட்ட நாடகம் 2022இல் பிரிட்டிஷ் கொலம்பியாவில் மேடையேறியது. தன் இனத்தில் மிஞ்சியிருக்கும் ஒரே ஆள் லிட்டில் ரெட். மூதாதையர் நிலத்தில் ஒரு கட்டுமான நிறுவனம் வேலையைத் தொடங்கிவிட்டதைக் கண்டு, கோபத்தில் அங்கிருந்த பொறியாளரைத் தாக்கிவிடுகிறான். தாக்கியதற்காக மட்டுமில்லாமல், தன் சொந்த நிலத்தில் அத்துமீறி நுழைந்ததற்காகவும் சேர்த்துக் கைதாகிறான். நீதிமன்றம் அவனுக்கு ஒரு வழக்கறிஞரை நியமிக்கிறது.

அந்த ‘வழக்கறிஞர்’ என்ற சொல் தலைப்பிலேயே இருக்கிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது சாதாரண வேடிக்கை. ஆனால் பூர்வகுடிகளை ஆளக் கனடா வைத்திருக்கும் ‘இந்தியச் சட்ட’த்தில் 1927இல் 141ஆம் பிரிவு என்று ஒன்று சேர்த்தார்கள். அரசின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் காணிக் கோரிக்கை வழக்குக்காகப் பூர்வகுடி மக்களிடம் பணம் திரட்டினால் அது குற்றம். பணம் திரட்ட முடியாவிட்டால் வழக்கறிஞர் ஏது? 1951 வரை இந்த நிலைதான். கிட்டத்தட்ட கால் நூற்றாண்டு, காணியைத் திருப்பிக் கேட்கும் வாசலே அடைபட்டிருந்தது. பொட்லாட்ச் என்ற பெருவிருந்துச் சடங்குக்கும் 1880களிலிருந்து அதே 1951 வரை தடை. ஒரு வீட்டாருக்கு எந்த நிலம் உரியது, எந்தப் பெயர் உரியது என்பதை ஊரறியச் சாட்சி வைத்துச் சொல்லும் இடம் அந்த விருந்துதான். ஆக நீதிமன்றமும் மூடியிருந்தது, அவர்களுடைய சொந்த மன்றமும் மூடியிருந்தது. இது தெரிந்தவர்கள் அரங்கில் தலைப்புக்கே சிரிப்பார்கள்.

இன்னொரு கணக்கையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். குடியேற்றக் காலத்தில் பிரிட்டிஷ் கொலம்பியாவுக்கு வந்த ஒரு வெள்ளையர் 160 ஏக்கர் வரை தனக்கென்று குறித்துக்கொள்ள முடிந்தது. 1860களின் நடுவில் பூர்வகுடிகளின் ஒதுக்கு நிலத்தை ஒரு குடும்பத்துக்கு 10 ஏக்கர் என்ற அளவுக்குச் சுருக்கினார்கள். 1866இல் வந்த சட்டம், ஆளுநரின் சிறப்பு அனுமதி இல்லாமல் பூர்வகுடிகள் அப்படி நிலம் குறித்துக்கொள்ள முடியாது என்றது. நிலத்தை விலைக்கு வாங்கவோ உடன்படிக்கை செய்துகொள்ளவோ பெரும்பாலான இடங்களில் யாரும் முயலவே இல்லை. வான்கூவர் தீவில் 1850களில் செய்த 14 சிறு உடன்படிக்கைகளும், வடகிழக்கு மூலையில் 1899இல் வந்த எட்டாம் உடன்படிக்கையும்தான் பழைய விதிவிலக்குகள். லிட்டில் ரெட் ‘அத்துமீறி நுழைந்த’ கதை எங்கிருந்து வருகிறது என்று இப்போது புரிந்திருக்கும்.

சரி, தந்திரக்காரனுக்கு வருவோம். கயோட்டி என்பது நரிக்கும் ஓநாய்க்கும் இடைப்பட்ட உருவமுள்ள வட அமெரிக்க விலங்கு. ந்லகாபமக் உள்ளிட்ட உள்நாட்டு சாலிஷ் மக்களின் கதைகளில் அவன் பேராசைக்காரன், காமக்காரன், பொய்யன், அடிக்கடி தன் வலையில் தானே விழுபவன். இவ்வளவோடு நிறுத்தினால் நம் கோமாளி மாதிரி என்று தோன்றும். ஆனால் அந்த மண்ணை இன்றைய உருவத்துக்கு மாற்றியவனும் அவன்தான். ஆற்றின் கீழ்ப்புறத்தில் பெண்கள் சிலர் அணை கட்டி சால்மன் மீனை அடைத்து வைத்திருந்தார்கள், கயோட்டி அந்த அணையை உடைத்து மீனை மேலே கூட்டிவந்தான் என்று ஒரு கதை உண்டு. போகிற வழியில் எந்த ஊர் அவனுக்குப் பெண் கொடுத்ததோ அங்கே மீன் ஏறியது. மறுத்த ஊருக்குக் கீழே அருவியை வைத்துத் தடுத்துவிட்டான் என்று சில இனத்தார் சொல்வார்கள். கேட்கும்போது சிரிப்பு வரும். ஆனால் எந்த ஆற்றில் எந்த இடம் வரை மீன் வரும், யார் எங்கே மீன் பிடிப்பவர்கள் என்ற விவரம் முழுக்க அந்தக் கதைக்குள் இருக்கிறது. நம் ஊர்ச் சொல்லில் சொன்னால், அது காணி உறுதி, அதாவது நிலப் பத்திரம்.

கோமாளி வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான். கூத்தில் கோமாளி கதைக்கு வெளியே நின்று கதையைக் கிண்டல் செய்பவன், அவனை எடுத்துவிட்டாலும் அர்ஜுனன் தபசு நடக்கும். கயோட்டியை எடுத்துவிட்டால் அந்த ஆறே இல்லை.

கதை உறுதியாகுமா என்ற கேள்வி நீதிமன்றத்தில் நிஜமாகவே வந்தது. கிட்க்சான், வெட்சுவெட்டென் இனத் தலைவர்கள் 58,000 சதுர கிலோமீட்டர் நிலத்துக்கு உரிமை கோரி நடத்திய டெல்கமூக் வழக்கு அது. 1987இல் விசாரணை தொடங்கி, சாட்சியமும் வாதமும் சேர்ந்து 374 நாள் நீண்டது. கிட்க்சான் வீட்டார் தங்கள் ‘அதாவக்’ எனும் வாய்மொழி வரலாற்றை நீதிமன்றத்தில் வைத்தார்கள். மேரி ஜான்சன் என்ற மூதாட்டி, தன் சாட்சியத்தின் பகுதியான ஒரு பாட்டைப் பாட வேண்டியிருந்தது. நீதிபதி ஆலன் மெக்கீச்சர்ன் தயங்கினார். தனக்கு இசைக்காது கிடையாது, தன்னிடம் பாடிப் பயனில்லை என்றார். ஆனாலும் அந்த அம்மா பாடினார். 1991 தீர்ப்பு வழக்கைத் தள்ளியது. 1997 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்து, வாய்மொழி வரலாற்றையும் எழுத்து ஆவணத்துக்குச் சமமாக எடைபோட வேண்டும் என்றது. புது விசாரணைக்கும் உத்தரவிட்டது. அது நடக்கவே இல்லை. பூர்வகுடி நில உரிமையை ஒரு குறிப்பிட்ட நிலப்பரப்பில் முதன்முதலாக நீதிமன்றம் அறிவித்தது 2014இல், சில்கோட்டின் இனத்தாரின் வழக்கில்தான்.

இந்த நாடகங்கள் நீதிமன்றத்தை மேடைக்குக் கொண்டுவந்து சிரிக்க வைப்பதற்குக் காரணம் இங்கே இருக்கிறது. ஒரு பக்கம் பாட்டோடும் சாட்சிகளோடும் உறுதியைக் கொண்டுவந்து நிற்கிறார்கள். மறுபக்கம் ஒரு பத்திரமும் இல்லாமல் நிலத்தை வைத்திருக்கும் அரசு, “உங்களிடம் ஆதாரம் உண்டா?” என்று கேட்கிறது. இதை அப்படியே சொன்னால் அழுகைதான் வரும். தந்திரக்காரன் உள்ளே வந்தால் கேள்வி கேட்டவர் பக்கம் திரும்பிவிடும். என் கணிப்பில் இந்த அரங்கின் பலமே அதுதான். பாதிக்கப்பட்டவனைப் பரிதாபத்துக்குரியவனாகக் காட்டாமல், மேலே இருப்பவரின் தர்க்கத்தை அவிழ்த்துக் காட்டுகிறது.

நையாண்டிக்கு அதிகம் கற்பனை தேவைப்படாத இடங்களும் உண்டு. டொரண்டோ நகரின் பெரும்பகுதியை 1787இல் மிசிசாகா மக்களிடம் வாங்கியதாகச் சொல்லும் பத்திரம் வெற்றுத்தாள். மூன்று தலைவர்களின் அடையாளக் குறிகளைத் தனித்தனித் துண்டுகளில் வாங்கி அதில் ஒட்டியிருந்தார்கள். அது செல்லாது என்று அரசுக்கே தெரியவந்த பிறகு, 1805இல் 10 ஷில்லிங்குக்கு மறுபடி எழுதிக்கொண்டார்கள். 2010இல்தான் 14.5 கோடி டாலர் கொடுத்து அந்தக் கோரிக்கையைத் தீர்த்தார்கள். உங்கள் ஸ்கார்பரோ 1923இல் கையெழுத்தான வில்லியம்ஸ் உடன்படிக்கைகளின் பரப்பில் வருகிறது. அதில் நடந்த அநியாயத்துக்கு 2018இல் 110 கோடி டாலரும் அரசின் மன்னிப்பும் வந்தன.

சிரிக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். பார்வையாளர்கள் கைகட்டி மரியாதையாக உட்கார்ந்திருந்தால் நடிகர்களுக்குத்தான் சங்கடம். சில இடங்களில் பூர்வகுடிப் பார்வையாளர்கள் மட்டும் சிரிப்பார்கள். அங்கே புரிந்த மாதிரி சேர்ந்து சிரிக்க வேண்டியதில்லை. பிள்ளைகளைக் கூட்டிப் போவதாக இருந்தால் அரங்கம் குறிப்பிட்டிருக்கும் வயது வரம்பைக் கட்டாயம் பாருங்கள். தந்திரக்காரக் கதைகளில் படுக்கையறைப் பகடியும் மலஜலப் பகடியும் தாராளமாக இருக்கும், மரபுக் கதைகளிலேயே உண்டு. வீட்டுப் பெரியவர்களிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். டொரண்டோவில் இப்படியான படைப்புகளைப் பார்க்க, 1982இல் தொடங்கிய ‘நேட்டிவ் எர்த்’ குழு நல்ல இடம். ஆண்டுதோறும் அவர்கள் நடத்தும் புது நாடக விழாவுக்கு வீசகீசாக் என்ற தந்திரக்காரனின் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

இனி மேடையேற்றம். இங்கே இரண்டு அனுமதிகள் உண்டு, பலர் ஒன்றோடு நின்றுவிடுகிறார்கள். முதலாவது பதிப்புரிமை. நுழைவுச்சீட்டு இல்லாத ஆண்டு விழாவானாலும், மேடையேற்றும் உரிமையை நாடகாசிரியரிடமோ அவருடைய முகவரிடமோ பெற வேண்டும். மொழிபெயர்க்கும் உரிமை தனி. நான்கைந்து பேர் உட்கார்ந்து வாசிப்பதையும் பார்வையாளர் முன் செய்தால் அனுமதி வேண்டும். இரண்டாவது, கதையின் சொந்தக்காரர்கள். வடமேற்குக் கரையில் ஒரு பாட்டோ வரலாறோ குறிப்பிட்ட வீட்டாருக்கே உரியது, அவர்கள் தராமல் வேறொருவர் சொல்லக்கூடாது. நாடகாசிரியர் எதை மேடைக்குத் தரலாம் என்று தன் சமூகத்திடம் கேட்டுத்தான் எழுதியிருப்பார். நீங்கள் தமிழாக்கத்தில் வேறொரு கயோட்டிக் கதையைத் தேடி எடுத்துச் செருகினால் அந்த ஏற்பாடு உடைந்துவிடும். கதையே காணி உறுதி என்று இருக்கும் இடத்தில், கேட்காமல் கதையை எடுப்பதும் நிலத்தை எடுப்பதும் ஒரே காரியம்.

யார் நடிப்பது என்பதையும் யோசியுங்கள். நமக்கும் நிறம் மாநிறம்தானே என்று சிலர் சொல்வார்கள், அது போதாது. 2018இல் ரொபேர் லெபாஜ் கனடாவின் பூர்வகுடி வரலாற்றை வைத்து உருவாக்கிய ‘கனாட்டா’வில் பூர்வகுடி நடிகர்களே இல்லை என்று கடும் எதிர்ப்பு வந்து, திட்டமே முதலில் கைவிடப்பட்டது. பிறகு பாரிஸில் வேறு வடிவில் போட்டார்கள். அவ்வளவு பெரிய இயக்குநருக்கே அந்த நிலை.

காணி இழந்த உங்கள் அனுபவம் உங்களை இந்த நாடகத்தின் அருகில் கொண்டுபோகும், அதில் சந்தேகமில்லை. 1990இல் இடம்பெயர்ந்து, தன் வளவை முட்கம்பி வேலிக்கு இப்பால் நின்று பார்த்தவருக்கு ‘சொந்த நிலத்தில் அத்துமீறல்’ என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் அதே ஆள் இன்று ஸ்கார்பரோவில் வீட்டுப் பத்திரம் வைத்திருப்பவரும்கூட. இந்த இரண்டையும் ஒரே மேடையில் வைத்து நீங்களே ஒரு நாடகம் எழுதினால் மொழிபெயர்ப்பைவிட அது பெரிய வேலையாக இருக்கும் என்று நம்புகிறேன். வலிகாமத்துக் காணி உறுதியைப் பெட்டிக்குள் பத்திரமாக வைத்திருக்கும் அம்மா, டொரண்டோவின் வெற்றுப் பத்திரத்தைக் கண்டால் என்ன கேட்பார்? அங்கே உங்கள் கூத்துக் கோமாளி உரிமையோடு வரலாம், அவன் உங்களுடையவன். கயோட்டி மட்டும் வேண்டாம். ஒரு பூர்வகுடிக் கலைஞரை ஆலோசனைக்கு அழையுங்கள், அதற்கு ஊதியம் கொடுங்கள்.

இல்லை, தமிழாக்கம்தான் வேண்டும் என்றால், விழாவுக்குப் பல மாதங்களுக்கு முன்பே நாடகாசிரியரின் முகவருக்கு எழுதுங்கள். எத்தனை காட்சிகள், எத்தனை இருக்கைகள், சீட்டு விலை, மொழிபெயர்ப்பவர் யார், யார் யார் நடிக்கிறார்கள் என்பதையெல்லாம் முதல் கடிதத்திலேயே சொல்லிவிடுங்கள். தமிழாக்கம் முடிந்ததும் அதன் நெருங்கிய ஆங்கில வடிவத்தை அனுப்பிச் சரிபார்க்கத் தருவதாகவும் எழுதுங்கள். பதில் வராவிட்டால் மறுத்ததாகவே எடுத்துக்கொண்டு வேறு நாடகத்துக்குப் போய்விடுங்கள்.