பிஎச் மீட்டர் எதுல முக்குனாலும் 7.00ன்னே வருது, எரர் ஒண்ணும் வரல, ஏன்?

அண்ணாச்சி, தாமிரபரணி தண்ணி பாக்குத மீட்டரை ஆர்எஸ்-485ங்குற டேட்டா வயர்ல கம்ப்யூட்டரோட இணைச்சிருக்கீய, எலுமிச்சஞ்சாறுல முக்குனாலும் 7.00தான், மோட்பஸ் (அந்த வயர்ல ரெண்டும் பேசிக்கிடுத மொழி) ஒரு எரரும் காட்டலன்னு கேட்டிருக்கீய. அந்த டேட்டா வயர்ல தப்பு இல்ல, நம்பி விட்டுருங்க. ஒவ்வொரு பதிலோட கடைசில வர்ற சரிபாக்குத நம்பரான சிஆர்சி சரியா இருந்தா பைட்டு கெடாம வந்துருக்குன்னுதான் அர்த்தம், உள்ள இருக்க நம்பர் நெசமான்னு அதுக்குத் தெரியாது. மீட்டர்ல இல்லாத ரெஜிஸ்டரை (மீட்டர் நம்பரை வச்சிருக்க இடம்) கேக்குத மாதிரி தப்புக்குத்தான், படிக்கச் சொல்லுத 03ங்குற கோடுக்குப் பதிலா 83ன்னு எரரைத் திருப்பி அனுப்பும்.

இப்ப விஷயம் என்னன்னா, பிஎச் 7ன்னா தண்ணில முக்குத எலக்ட்ரோடுல வோல்டேஜ் கிட்டத்தட்ட சைபர், அதனால அதோட கேபிள் ஷார்ட் ஆனாலும் மீட்டர் அதை நல்ல தண்ணின்னு நெனச்சு 7ன்னே சொல்லும். கண்ணாடி எலக்ட்ரோடோட ரெசிஸ்டன்ஸ் பத்துக்கணக்குல, சமயத்துல நூத்துக்கணக்குல மெகாஓம் வரும், லேசா ஈரம் பட்டாலே சிக்னல் செத்துரும். போன ஐப்பசி மழையில பாளையங்கோட்டைல ஒரு லேப்ல இதே கதைதான், எலக்ட்ரோடு கேபிளை மீட்டர்ல மாட்டுத பிஎன்சி கனெக்டரைக் கழட்டுனா நடு பின்னைச் சுத்தி பச்சையாப் பூத்துக் கெடக்கு, ஸ்பிரிட் வச்சுத் தொடச்சு நல்லா காய வச்சதும் சரியாயிட்டு.

நீங்களும் அதைப் பாத்துட்டு பிஎச் 4.00ன்னு தெரிஞ்ச பஃபர் கரைசல்ல முக்குங்க, 25 டிகிரில சுமார் 177 மில்லிவோல்ட் வரணும். நெறைய மீட்டர்ல சென்சார் ஸ்டேட்டஸுக்குன்னு தனி ரெஜிஸ்டர் இருக்கும், மேனுவல்ல நம்பரைத் தேடி பிஎச்சோட சேத்து அதையும் ஒவ்வொரு தடவையும் படிங்க.