மரம் நட்ட ஈர நிலத்தில் எலி பெருகுவது ஏன்?

கேள்வி: பெங்களூரு ஆனேக்கல் பக்கம், ஏரிக்குக் கீழே ஒன்றரை ஏக்கர் சதுப்பு நிலம். வடிகால் வெட்டி மலைவேம்பு நட்டு 2 ஆண்டுகள் ஆகின்றன. நெல் போனால் எலியும் போகும் என்று நினைத்தேன். இப்போது மரத்தின் அடிப்பட்டையைக் கடிக்கின்றன. பக்கத்து ராகிக் கதிரையும் அறுக்கின்றன. என்ன மருந்து வைக்கலாம்?

பதில்: மருந்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன், ஐயா. முதலில் தோப்புக்குள் நடந்து, வளைகள் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். பெரும்பாலும் மரத்தடியில் இருக்காது. வடிகால் கரையில்தான் இருக்கும். நீர் தேங்கி நின்றவரை எலிக்கு வரப்பைத் தவிர வேறு மேடு இல்லை. நீங்கள் வெட்டிய மண்ணைக் கரையில் குவித்தபோது, வெள்ளம் ஏறாத இளக்கமான மேடு கிடைத்தது. அதன்மேல் கோரையும் புல்லும் இடுப்பளவு வளர்ந்ததும், பருந்தின் கண்ணில் படாத மறைவும் சேர்ந்துகொண்டது. பக்கத்திலேயே ராகி வேறு!

வளையின் வாயில் புது மண் குவிந்து அடைபட்டிருந்தால் அது கரம்பை எலி. ஈர மண்ணை விரும்பும், நன்றாக நீந்தும், அறுத்த கதிரை வளைக்குள் சேர்த்து வைக்கும். காய்ந்த மேட்டில் வாய் திறந்தே கிடந்தால் வெள்ளெலியாக இருக்கலாம். நிலம் வடிய வடிய அதற்கும் இடம் கிடைக்கிறது.

ஒவ்வொரு மரத்தைச் சுற்றியும் ஒரு மீட்டர் புல்லில்லாமல் வையுங்கள். மரத்தடியில் பரப்பும் சருகு, வைக்கோல் மூடாக்கைத் தண்டை ஒட்டிக் குவிக்காதீர்கள். கரைப் புல்லை அறுத்து, அகன்ற வரப்பை ஒரு அடிக்குக் குறுக்குங்கள். ஏரியோரக் கோரையை மட்டும் தொடாதீர்கள். நீர்ப்பறவைகளுக்கு அங்கே மிஞ்சியிருக்கும் இடம் அதுதான். ராகிப் பக்கம், குறுக்குக் கட்டை கட்டிய கம்புகளை நட்டால் இரவில் கூகை வந்து அமரும்.

இதற்குப் பிறகும் தொல்லை இருந்தால்தான் மருந்து. மாலையில் எல்லா வளைகளையும் மண்ணால் மூடுங்கள். காலையில் திறந்திருப்பவற்றில் மட்டும் 0.005 சதவீத புரோமடியோலோன் கட்டியை உள்ளே வைத்து அடைத்துவிடுங்கள். வெளியே தூவவே கூடாது. அதைத் தின்ற எலியைப் பிடிக்கும் கூகையும் சாகக்கூடும். செத்த எலிகளைத் தேடி ஆழமாகப் புதையுங்கள்.

ராகி விதைப்பதற்கு முன், ஏப்ரல், மே மாதங்களில் அக்கம்பக்கத்து நிலக்காரர்களையும் சேர்த்துக்கொண்டு ஒரே வாரத்தில் செய்யுங்கள். உங்கள் நிலத்தில் மட்டும் செய்தால், காலியான வளைக்கு அடுத்த வயல் எலி குடிவந்துவிடும். வடிகாலில் இறங்கும்போது ரப்பர் பூட்ஸ் கட்டாயம். காலில் சிறு காயம் இருந்தாலும் எலிக்காய்ச்சல் தொற்றக்கூடும். காய்ச்சல் வந்தால், எலி நடமாடும் தண்ணீரில் நின்றதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.