25 இலக்கத்தோடு நின்றுபோகும் எண்

கேள்வி: 3608528850368400786036725 என்ற எண்ணில் முதல் 2 இலக்கம் 2-ஆல் வகுபடும், முதல் 3 இலக்கம் 3-ஆல் வகுபடும், இப்படியே 25 வரை போகும் என்கிறார்கள். எக்செலில் போட்டால் கணக்கு உதைக்கிறது. எண் தவறா? 25-ஐத் தாண்டி நீளாதா?

பதில்: எண் சரிதான். எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கத்தைத்தான் வைத்துக்கொள்ளும். 16-ஆவது முதல் எல்லாவற்றையும் பூஜ்யமாக்கிவிடும். இதைக் காகிதத்திலேயே சரிபார்க்கலாம். இடமிருந்து ஒவ்வொரு இலக்கமாக எடுங்கள். கையிலுள்ள மீதியை 10-ஆல் பெருக்கி, அடுத்த இலக்கத்தைக் கூட்டி, வகுத்து, புது மீதியை மட்டும் எழுதுங்கள். 17-க்குச் செய்தால் மீதிகள் இப்படி வரும்: 3, 2, 3, 4, 11, 10, 6, 0, 5, 16, 10, 4, 14, 8, 12, 1, 0. பதினேழாவது மீதி பூஜ்யம், முடிந்தது. நடுவில் 8-ஆவதாக வரும் பூஜ்யத்தைப் பார்த்து நிறுத்திவிடாதீர்கள். பலர் சறுக்குவது 15, 16-ஆவது இலக்கங்களில்: இரண்டும் 0, கூட்ட ஒன்றுமில்லை என்று தாண்டிவிடுவார்கள். கூட்ட ஒன்றுமில்லாவிட்டாலும் 10-ஆல் பெருக்கியே ஆக வேண்டும்.

இனி, ஏன் நிற்கிறது என்பது. என் கண்ணுக்கு எண்ணைவிட அழகு இதுதான். இத்தகைய எண் ஒன்றின் வலப்பக்கம் 0 முதல் 9 வரை ஒட்டினால் அடுத்தடுத்த 10 எண்கள் கிடைக்கும். அவற்றில் 9-இன் மடங்கு ஒன்றாவது கட்டாயம் இருக்கும். 10-க்குச் சரியாக ஒன்று, அதாவது 0-ஐ ஒட்டுவது மட்டும். அதனால்தான் 9 இலக்கத்திலும் 10 இலக்கத்திலும் இந்த எண்கள் சமம்: 2492. பதினொன்றில் கதை மாறுகிறது. 0-ஐ ஒட்டிய எண்ணை 11-ஆல் வகுக்க மீதி 1 வந்தால், இன்னும் 10 கூட்ட வேண்டும். அப்படி ஓர் இலக்கம் கிடையாது, அந்தக் கிளை அங்கேயே பட்டுவிடும். 11 இலக்கத்தில் 2225 எண்கள், 15-இல் 770, 20-இல் 44, 24-இல் 3, 25-இல் ஒன்றே ஒன்று.

அந்த ஒன்றையும் 26-க்கு நீட்டிப் பாருங்கள். 26-ஆல் வகுபட, 13-ஆலும் 2-ஆலும் வகுபட வேண்டும். நம் எண்ணை 13-ஆல் வகுத்தால் மீதி 9. 0-ஐ ஒட்டினால் மீதி 12. ஆக, 13-க்குப் பொருந்துவது 1 மட்டுமே. 1-ஐ ஒட்டினால் எண் ஒற்றைப்படையாகிவிடும்!

கேள்வி: இதே விதிப்படி, 1 முதல் 9 வரை ஒவ்வொன்றும் ஒரே முறை வரும் 9 இலக்க எண் உண்டா?

பதில்: ஒன்று மட்டும் உண்டு: 381654729. ஐந்தாம் இடம் 5-தான். இரட்டைப்படை இடங்களில் இரட்டை இலக்கங்கள். 4-ஆலும் 8-ஆலும் வகுபட வேண்டியிருப்பதால் 4, 8-ஆம் இடங்களில் 2, 6 மட்டுமே வரும். 2, 6-ஆம் இடங்களுக்கு 4, 8. நான்கு, ஐந்து, ஆறாம் இலக்கங்களின் கூட்டல் 3-ஆல் வகுபட வேண்டும். அதனால் அந்த மூன்றும் 258 அல்லது 654. இதற்குப் பின் மிஞ்சுவது 10 எண்கள். 7-ஆல் சோதித்தால் ஒன்பது விழுந்துவிடும்; தேறுவது 3816547 = 7 × 545221 மட்டும். ஒன்பதுக்குத் தனிச்சோதனை வேண்டாம். 1 முதல் 9 வரை கூட்டினால் எப்படியும் 45.