ஓக் மர நிழலுக்குக் கோரை: விதையா, நாற்றா?

கேள்வி: நியூ ஜெர்சியில் இருக்கிறோம். கொல்லையில் பெரிய ஓக் மரம். அதன் அடியில் வருடா வருடம் புல் விதை தூவுகிறோம், ஜூலைக்குள் கருகிவிடுகிறது. ‘பென்சில்வேனியா செட்ஜ்’ என்ற கோரை நிழலில் நன்றாக வரும் என்றார்கள். விதைப் பொட்டலமும் விற்கிறார்கள், நாற்றும் விற்கிறார்கள். விதை மலிவு. எதை வாங்கலாம்? இடம் 10க்கு 10 அடி.

பதில்: நாற்றை வாங்குங்கள். இதன் விதை முளைப்பது குதிரைக்கொம்பு. நானும் மலிவைப் பார்த்து ஒரு பொட்டலம் வாங்கினேன். வசந்தம் முழுக்கக் காத்திருந்ததில் மூன்று நாலு பச்சைத் துரும்புதான் எட்டிப் பார்த்தது. காட்டிலேயே இது பெரும்பாலும் மண்ணுக்கடியில் ஓடும் தண்டால்தான் பரவுகிறது. வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதி ஓக் காடுகள்தான் இதன் பிறந்த வீடு. அதனால் காய்ந்த மண்ணும் மர நிழலும் இதற்குப் பழகியவை.

பெயரைச் சரியாகக் கேளுங்கள். வெறும் ‘செட்ஜ்’ என்று கேட்டால் பல கடைகளில் மஞ்சள் கோடு போட்ட ஜப்பானிய வகையை எடுத்து நீட்டுவார்கள். அழகான செடிதான், ஆனால் இந்த மண்ணைச் சேர்ந்ததல்ல. லேபிளில் ‘கேரெக்ஸ் பென்சில்வானிகா’ என்று இருக்க வேண்டும். இணையத்தில் தேடும்போது ஒரு விஷயம்: பென்சில்வேனியா மாநிலத்தின் ஆங்கிலப் பெயரில் இரண்டு ‘என்’ (n) சேர்ந்து வரும் இடத்தில், செடியின் பெயரில் ஒன்றுதான்.

அப்புறம், ‘நர்சரி குரோன்’ (நர்சரியில் வளர்ந்தது) என்ற வார்த்தையை மட்டும் நம்பிவிடாதீர்கள். காட்டில் தோண்டி எடுத்துச் சில மாதம் தொட்டியில் வைத்திருந்த செடியையும் அப்படிச் சொல்லி விற்க முடியும். ‘நர்சரி புரோப்பகேட்டட்’, அதாவது நர்சரியிலேயே பெருக்கிய செடியா என்று நேராகக் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் வேறு கடை பாருங்கள். காட்டைக் காலி செய்துவிட்டு நம் கொல்லையில் காட்டுச் செடி வளர்ப்பதில் எனக்குச் சம்மதமே இல்லை.

தொட்டியில் வாங்குவதைவிடக் குழித்தட்டு நாற்று கட்டுப்படியாகும். ஒரு நாற்றை அடியிலிருந்து மெல்லத் தள்ளி வெளியே எடுத்துப் பாருங்கள். வெளிறிய வேர் மண்ணைக் கட்டிப் பிடித்து முழு அச்சாக வந்தால் நல்ல நாற்று. மண் பொலபொலவென்று உதிர்ந்தால் இன்னும் வேர் ஓடவில்லை. இலை நுனி கொஞ்சம் காய்ந்திருந்தால் பரவாயில்லை.

கணக்கு இதுதான்: ஓரடி இடைவெளி என்றால் உங்கள் இடத்துக்கு 100 நாற்று. 8 அங்குல இடைவெளி என்றால் 225. பணம் இடித்தால் ஓரடியே வையுங்கள், ஆனால் தரை மூட மூன்று வருடம்கூட ஆகலாம். அதுவரை களை எடுக்கும் வேலை உங்களுடையது. செப்டம்பரில் நட்டால் வேர் பிடிக்க வசதி. நிழல் செடிதானே என்று முதல் வருடம் தண்ணீரை நிறுத்திவிடாதீர்கள்.

கேள்வி: கோரை என்றாலே பயமாக இருக்கிறது. ஊரில் கோரைக்கிழங்கோடு பட்ட பாடு போதும். இதுவும் அப்படித்தானா?

பதில்: இல்லை. தண்டை விரலிடுக்கில் உருட்டினால் மூன்று பட்டை தெரியும், அந்தக் குடும்ப ஜாடை இரண்டுக்கும் உண்டு. ஆனால் கோரைக்கிழங்கு ‘சைப்பெரஸ்’ இனம், இது ‘கேரெக்ஸ்’. இதற்குக் கிழங்கு கிடையாது. நிதானமாகத்தான் நகரும். நகரவே வேண்டாம் என்றால் ‘கேரெக்ஸ் பிளான்டாஜினியா’ கேளுங்கள். ஓரங்குல அகல இலை, நெடுக்கே சுருக்கம் விழுந்த துணி மாதிரி இருக்கும், வைத்த இடத்தில் குத்தாக நிற்கும். டெலவேரில் உள்ள மவுண்ட் கியூபா மையம் என்ற தாவரவியல் தோட்டம் 70 வகைக் கேரெக்ஸை நட்டுப் பார்த்து 2022இல் வெளியிட்ட முடிவில் முதலிடம் ‘கேரெக்ஸ் உடியை’க்கு. அது கிடைத்தால் அதையும் தயங்காமல் வாங்கலாம்.

கேள்வி: பிள்ளைகள் பந்து விளையாடலாமா? வெட்ட வேண்டுமா?

பதில்: தினமும் ஓடியாடினால் தாங்காது. நடந்து போக வரத் தாங்கும். வெட்டுவது உங்கள் விருப்பம். விட்டால் முக்கால் அடி உயரத்தில் சாய்ந்து அலை அலையாகக் கிடக்கும், எனக்கு அதுதான் பிடிக்கும். பழைய இலை உறுத்தினால் குளிர்கால முடிவில், புதுத் துளிர் வருவதற்கு முன் ஒருமுறை வெட்டுங்கள். ஏப்ரல் வாக்கில் குனிந்து பார்த்தால் இலைகளுக்கு நடுவே வெளிர்மஞ்சள் பூக்கதிர் நிற்கும்.