பேஸ்ட் மாற்றினால் ஈறு ரத்தம் நிற்காது

தண்டையார்பேட்டை நண்பரே, அம்மாவுக்குப் பல் தேய்த்தால் ரத்தம், கீழ்ப்பல் ஆட்டம், மூன்று பேஸ்ட் மாற்றியும் பலனில்லை என்கிறீர்கள். பேஸ்டை விடுங்கள். எட்டு வருடச் சர்க்கரை என்றீர்களே, இப்போது எவ்வளவு? அதைச் சொல்லவே இல்லையே!

சர்க்கரை ஏறியே இருந்தால் ஈறுக்குப் போகும் நுண்ணிய ரத்தக் குழாய்கள் கெடும். கிருமியை எதிர்க்கும் வெள்ளணுக்களும் சோர்ந்துவிடும். அப்புறம் பல்லைத் தாங்கும் எலும்பு கரையும். ஆட்டம் அதனால்தான் இருக்கும். கூத்து என்னவென்றால், ஈறில் சீழ் பிடித்தால் சர்க்கரையும் இறங்க அடம்பிடிக்கும்.

மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி காட்டும் எச்பிஏ1சி ரத்தப் பரிசோதனை எடுத்து, ரிப்போர்ட்டோடு பிராட்வே பக்கம் அரசு பல் மருத்துவக் கல்லூரிக்குக் கூட்டிப் போங்கள். அங்கே பல்லைச் சுத்தம் செய்தால் பல் ஆடும் என்பது சும்மா பேச்சு. வெறும் வயிற்றில் வரிசையில் நிறுத்தாதீர்கள். சாப்பிட்டு, மாத்திரை போட்டுவிட்டே கிளம்பட்டும்.