பழைய எம்எக்ஸ்-5 காரில் இடது முகப்பு விளக்கு பாதியில் நிற்கிறது, எப்படிச் சரிசெய்வது?

கானாடுகாத்தான் வீட்டில் பல வருடம் நின்ற மஸ்தா எம்எக்ஸ்-5, சுவிட்சைப் போட்டால் வலது விளக்கு எழுகிறது, இடது பாதியில் நிற்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். 1989-இல் அறிமுகமான அந்த முதல் தலைமுறை வண்டியில் முகப்பு விளக்குகள் உள்ளே மடங்கியிருந்து, சுவிட்சைப் போட்டால் மேலே எழும்; ஒவ்வொரு விளக்குக்கும் தனி மோட்டார். ஒன்று ஒழுங்காக ஏறுகிறது என்றால் சுவிட்சில் கோளாறு இருக்க வாய்ப்பு குறைவு. இடது பக்கத்தையே பாருங்கள்.

முதலில் பேட்டரி ஒயரைக் கழற்றிவிடுங்கள். மோட்டார் திடீரென்று சுழன்றால் விரல் நசுங்கிவிடும், இதில் அவசரம் வேண்டவே வேண்டாம். பானெட்டைத் திறந்தால் மோட்டார் மேல் ஒரு ரப்பர் மூடி தெரியும். அதற்கடியில் இருக்கும் குமிழைக் கையால் திருப்பிப் பாருங்கள். இறுக்கமாக இருந்தால் விளக்கைத் தூக்கும் கம்பியின் மூட்டுகளில்தான் சிக்கல். நம் ஊர்ச் செம்மண் புழுதி பழைய கிரீஸில் ஒட்டிக் களிம்பாக உறைந்திருக்கும். சுரண்டி எடுத்து, புது கிரீஸ் தடவுங்கள். லேசாகச் சுற்றினால் மோட்டாரின் கனெக்டரில் பச்சைத் துரு பூத்திருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் சுத்தம் செய்யுங்கள். பிறகு பேட்டரி ஒயரை மாட்டி, சுவிட்சைப் போட்டுப் பாருங்கள்.

சரி, விளக்கு எழுந்துவிட்டது. ஒளி எங்கே விழுகிறது? அதற்கு உங்கள் வீட்டு வெள்ளைச் சுவரே போதும். சமதரையில் சுவரிலிருந்து 7.5 மீட்டர் தள்ளி நிறுத்தி, விளக்கின் மையத்தின் உயரத்தைச் சுவரில் சாக்பீஸால் குறியுங்கள். லோ பீமின் மேல் விளிம்பு அந்தக் கோட்டுக்குச் சுமார் 7.5 செ.மீ. கீழே விழும்படி, விளக்கின் ஒளியை ஏற்றி இறக்கும் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புங்கள்.