தாத்தாவின் கப்பல் ‘தீர்’: போர்க்காலத்தை எந்தப் பெயரில் தேடுவது?

கேள்வி: என் தாத்தா ராயல் இந்தியன் நேவியில் ஸ்டோக்கராக (கொதிகலன் அறைப் பணியாளராக) இருந்தவர். அவரது பணிப்பதிவில் 1946 முதல் ‘எச்.எம்.ஐ.எஸ். தீர்’ என்ற ஃபிரிகேட் வகைப் போர்க்கப்பலின் பெயர் இருக்கிறது. அந்தக் கப்பலில் அவர் ஜெர்மன் நீர்மூழ்கிகளை எதிர்த்துப் போரிட்டதாக வீட்டில் சொல்வார்கள். கப்பலின் போர்க்கால வரலாற்றை எங்கே தேடுவது?

பதில்: ‘தீர்’ என்ற பெயரில் தேடினால் போர்க்காலம் கிடைக்காது. அப்போது அதன் பெயர் எச்.எம்.எஸ். பான், பக்கவாட்டில் எழுதியிருந்த எண் கே 256. பிரிஸ்டல் நகரில் சார்லஸ் ஹில் நிறுவனம் கட்டி, 1942 டிசம்பர் இறுதியில் நீரில் இறக்கிய ‘ரிவர்’ வகைக் கப்பல் அது. அடுத்த ஆண்டு பிரிட்டிஷ் கடற்படையில் சேர்ந்தது. 1945 டிசம்பரில் இந்தியாவிடம் வந்தபோதுதான் ‘தீர்’ ஆனது.

இந்த வகை ஏன் பிறந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். முதலில் கான்வாய்க் காவலுக்கு, அதாவது கூட்டமாகச் செல்லும் சரக்குக் கப்பல்களைக் காக்க, அனுப்பப்பட்ட ‘ஃபிளவர்’ வகை கார்வெட்டுகளின் (சிறிய போர்க்கப்பல்களின்) வேகம் 16 நாட் (மணிக்கு 16 கடல் மைல்). நீர்மட்டத்தில் ஓடும் ஜெர்மன் நீர்மூழ்கிக்கோ ஏறத்தாழ 17. துரத்தினாலும் எட்டிப் பிடிக்க முடியாது. ‘ரிவர்’ கப்பல் 20 நாட் ஓடும். எரிபொருள் நிரப்ப இடையில் எங்கும் நிற்காமல் பெருங்கடலைக் கடக்கும். கொந்தளிக்கும் அட்லாண்டிக்கில் மாலுமிகளின் சிரமமும் சற்றுக் குறைந்தது.

தேட வேண்டிய இடம் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகம். கான்வாய் அறிக்கைகளுக்கு ‘ஏ.டி.எம். 199’ வரிசை, எந்தத் தேதியில் கப்பல் எங்கே இருந்தது என்பதற்கு ‘ஏ.டி.எம். 187’. லாக் புத்தகத்தை (கப்பலின் அன்றாடக் குறிப்பேட்டை) நம்பிக் காத்திருக்க வேண்டாம். இத்தகைய சிறிய கப்பல்களின் போர்க்கால லாக் புத்தகங்கள் பெரும்பாலும் பாதுகாக்கப்படவில்லை. இணையத்தில் தேடும்போது 1986-இல் சேவைக்கு வந்த ஐ.என்.எஸ். தீர் குறுக்கிடும். அது வேறு கப்பல். அதையும் இதையும் சேர்த்துவிடாதீர்கள்.

இன்னொன்று, கொஞ்சம் மனதை உறுத்தலாம். ‘பான்’ கப்பலின் போர்ப் பயணங்கள் பிரிட்டிஷ் மாலுமிகளுடையவை. உங்கள் தாத்தா அதில் ஏறியபோது போர் முடிந்திருந்தது. ஆனால் அவர் போரையே காணவில்லை என்று இதற்குப் பொருள் அல்ல. பணிப்பதிவில் ‘தீர்’ என்பதற்கு மேலே உள்ள வரிகளைப் பாருங்கள். அங்கே ‘ஜம்னா’ அல்லது ‘சட்லஜ்’ இருந்தால், தேதிகளையும் பார்த்துக்கொள்ளுங்கள். அவ்விரண்டும் 1943 ஜூலையில் சிசிலித் தரையிறக்கத்தில் பங்கேற்றவை. ‘நர்பதா’ என்றால் 1945 தொடக்கத்தில் பர்மாவின் அரக்கான் கரை. எச்.எம்.ஐ.எஸ். என்று தொடங்குபவை எல்லாம் கப்பல்களும் அல்ல: ‘தல்வார்’ பம்பாயில் இருந்த சிக்னல் பள்ளி, ‘சர்க்கார்ஸ்’ விசாகப்பட்டினத்துக் கரைத்தளம். அந்த வரிகளைத் தேதியோடு எழுதி அனுப்புங்கள். எந்தக் கப்பலின் ஆவணத்தை முதலில் கேட்பது என்று சொல்கிறேன்.